சித்தப்பாவின் மாத்திரை

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நத்தத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். நான் பெங்களூரில் அலுவலகக் கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். நான் பதறி எடுத்தால், அவர் குரலில் பதற்றமே இல்லை.

"தம்பி, ஒரு சந்தேகம். இந்த மாத்திரைய நடக்கிற நாலு நாளு மட்டும் நிப்பாட்டிக்கலாமா?"

"ஏன் சித்தப்பா, ஒத்துக்கலையா?"

"அதெல்லாம் இல்லப்பா. இது எண்டார்ஃபின அடைக்கிற மாத்திரைன்னு டாக்டர் சொன்னாரு. நீயும் அன்னைக்கு சத்திரப்பட்டியில எண்டார்ஃபின்னுதான சொன்ன? அப்ப சாமி வர்ற வழியையும் இது அடைச்சிருமா?"

டோக்கனோடு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று அவருக்கு அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்தேன். முழுதாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

சித்தப்பா ரெடிமேட் சட்டை தைக்கிற இடத்தில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காய்ப் போட்ட துணியில் மெஷினை ஓட்டிக் காலரையும் கையையும் பிரித்தெடுக்கிற வேலை. கை நடுங்கினால் ஒரு அடுக்கே வீணாகிவிடும். அவருக்குக் கை நடுங்கியது. இருபது வருடக் குடி. ஆனால் மார்கழியில் மாலை போட்டுப் பச்சை வேட்டி கட்டிவிட்டால் தைப்பூசம் வரை ஒரு சொட்டு தொடமாட்டார். முதல் வாரம் படாதபாடு படுவார், அப்புறம் கை நிதானத்துக்கு வந்துவிடும். நத்தத்திலிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடப்பார். மலையேறி இறங்கி மாலையைக் கழற்றுவார். திரும்பி வருகிற பஸ் திண்டுக்கல்லைத் தொடுவதற்குள் பழைய ஆளாகிவிடுவார். விரத நாட்களைச் சித்தி, 'முருகன் குடுத்த லீவு' என்பார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை அவரோடு நானும் நடந்தேன். பக்தி என்று சொல்ல முடியாது. கொரோனா முடிந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம், உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்திருந்தது. இரண்டாம் நாள் திண்டுக்கல் தாண்டுமுன்பே இரண்டு பாதத்திலும் கொப்புளம். மூன்றாம் நாள் இரவு ஒட்டன்சத்திரம் கடந்து சத்திரப்பட்டியை நெருங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் வலி மண்டை வரைக்கும் ஏறியது. யாரோ முன்னால் 'அரோகரா' என்றார்கள். தூரத்தில் மலையின் விளக்குகள் தெரிந்தன. அடுத்த சில நிமிடங்களில் என்ன ஆனது என்பதை இன்றுவரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. வலி போய்விட்டது. குறைந்தது என்று சொன்னால் பொய், போய்விட்டது. கண்ணீர் தானாக வழிந்தது. எனக்கு முன்னால் போகிற, பேர் தெரியாத அத்தனை பேரும் நானும் ஒரே உடம்பு என்று தோன்றியது. தோன்றியது என்பது கூடச் சரியில்லை. அது எனக்குத் தெரிந்தது, இரண்டும் இரண்டும் நாலு என்று தெரிவதைப் போல.

சித்தப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்துருச்சா?" என்றார். அவர் அதை 'அது' என்றுதான் சொல்வார். வருடம் தவறாமல் அந்த இடத்தில் அவருக்கு அது வரும். அதற்காகத்தான் நடக்கிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அன்னதானப் பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, திரும்பக் கிடைத்த என் புத்தியைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. "அது எண்டார்ஃபின் சித்தப்பா. ரொம்ப நேரம் வலியோட நடந்தா மூளையே மார்ஃபின் மாதிரி ஒண்ணைச் சுரக்கும்" என்றேன். அவர் "அப்படியா" என்றார். மறுத்துப் பேசவில்லை, சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்.

போன வருடம் சித்தி அழுது சண்டை போட்டு அவரை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் எழுதிக்கொடுத்தது நால்ட்ரெக்ஸோன், 50 மில்லிகிராம், தினம் ஒன்று. அமெரிக்காவில் 1994இல் குடிநோய்க்காக அனுமதிக்கப்பட்ட மருந்து. குடிக்கும்போது மூளையில் எண்டார்ஃபின் வெளியாகிறது. அது போய் உட்கார வேண்டிய ஏற்பிகளில் இந்த மாத்திரை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். குடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது, போகப்போக ஆசை தணியும். மருத்துவர் இதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். சித்தப்பாவும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். மோர்ப் பந்தலில் நான் உதிர்த்த சொல் அங்கே அவருக்கு மறுபடி கேட்டிருக்கிறது.

*

போனை வைத்ததும் தேட ஆரம்பித்தேன். நான் அவரிடம் அவ்வளவு தைரியமாகச் சொன்ன விஷயத்தில் எவ்வளவு உண்மை?

பூட்டுதான் முதலில் கிடைத்தது. அபினும் மார்ஃபினும் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1973இல் உறுதியானது. கசகசாச் செடியின் பாலுக்கென்று மூளை எதற்கு ஒரு பூட்டைச் செய்துவைக்க வேண்டும்? உள்ளேயே ஒரு சாவி இருந்தாக வேண்டும். 1975இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அப்படிப்பட்ட சாவிகளைப் பிரித்தெடுத்தார்கள். 'உள்ளே சுரக்கும் மார்ஃபின்' என்பதன் சுருக்கம்தான் எண்டார்ஃபின்.

அதற்கு மூன்று வருடம் கழித்து நடந்த ஒரு சோதனை என்னை உட்கார வைத்துவிட்டது. 1978இல் கலிஃபோர்னியாவில் பல் பிடுங்கிக்கொண்ட நோயாளிகளுக்கு வலி மருந்து என்ற பெயரில் வெறும் நீரைக் கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கு நலோக்ஸோன் செலுத்தியதும் வலி கூடியது. நலோக்ஸோன், சித்தப்பா போடும் மாத்திரைக்கு நெருங்கிய சொந்தம். அதாவது, வலி தணியும் என்று நம்பியதே உள்ளே மருந்தைச் சுரக்க வைத்திருக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். இந்தச் சோதனைக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

ஓடுகிறவர்களுக்கு வரும் பரவசம் விஷயத்தில் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. 2008இல் ஜெர்மனியில் பத்து ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். எவ்வளவு பரவசம் என்று அவர்கள் சொன்னார்களோ, அதற்கு ஏற்ப மூளையில் உள்மார்ஃபினின் நடமாட்டமும் இருந்தது. ஆனால் 2021இல் ஹாம்பர்க்கில் 63 பேருக்கு நால்ட்ரெக்ஸோனோ போலி மாத்திரையோ கொடுத்து ஓடவிட்டபோது, நிஜ மாத்திரை போட்டவர்களுக்கும் பரவசம் வந்தது. ஓடிய பின் அவர்கள் ரத்தத்தில் கூடியிருந்தது வேறொரு வகைப் பொருள், கஞ்சாவின் ஏற்பிகளில் போய் ஒட்டும் உள்சுரப்புகள். அந்த வகையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதற்கு 1992இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் பெயர் வைத்தார்கள்: ஆனந்தமைடு. நம் 'ஆனந்தம்'தான். பெயர் தேடும்போது சமஸ்கிருதத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அப்படியென்றால் சித்தப்பாவுக்கு நல்ல செய்தி, மாத்திரை போட்டாலும் வரும் என்று சொல்லிவிடலாமே? அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. 2020இல் வெளியான ஒரு ஆய்வு. இரண்டு வேறு சமய மரபுகளின் சடங்குகளில் கலந்துகொண்டவர்களுக்கு நால்ட்ரெக்ஸோனையும் போலி மாத்திரையையும், யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிஜ மாத்திரை போட்டவர்களுக்கு, உடன் இருந்தவர்களோடு ஒன்றிப்போகும் உணர்வு குறைவாக இருந்தது, இரண்டு சடங்கிலும். சத்திரப்பட்டியில் நான் உணர்ந்ததில் பாதி அதுதானே, 'அத்தனை பேரும் ஒரே உடம்பு'.

ஆக சித்தப்பாவின் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. எந்த ஆய்விதழையும் படிக்காமல், ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, ஆய்வாளர்கள் கேட்ட அதே கேள்விக்கு அவர் வந்து சேர்ந்திருக்கிறார்.

*

இந்த விஷயத்தில் எங்கள் அலுவலகத்தில் பிரபலமான சரக்கு எண்டார்ஃபின் இல்லை, டி.எம்.டி. பாட்காஸ்ட் கேட்கிற ஆட்கள் அதை 'ஆன்ம மூலக்கூறு' என்பார்கள். அமேசான் காட்டுப் பழங்குடிகளின் அயவாஸ்கா பானத்தில் இருப்பது அதுதான். நம் உடம்பிலும் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. 1990 முதல் 1995 வரை நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ரிக் ஸ்ட்ராஸ்மன் சுமார் 60 தன்னார்வலர்களுக்கு ஏறத்தாழ 400 முறை அதைச் செலுத்தினார். அவர்களில் பலர் ஒளியையும் வேற்றுலகங்களையும் யாரோ சிலரையும் கண்டதாகச் சொன்னார்கள். பிறக்கும்போதும் இறக்கும்போதும் பீனியல் சுரப்பி இதை மொத்தமாகக் கொட்டலாம் என்று ஸ்ட்ராஸ்மன் ஊகித்தார். பீனியலை ஆன்மாவின் இருப்பிடம் என்றவர் டேகார்ட், நெற்றிக்கண் என்கிறவர்கள் நம் ஆட்கள். ஊகம் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டது.

கணக்குப் போட்டால் இடிக்கிறது. மருந்தியல் அறிஞர் டேவிட் நிக்கோல்ஸ் 2018இல் இதை எழுதினார். பீனியலின் எடை 0.2 கிராமுக்கும் குறைவு. அதன் முக்கிய வேலையான மெலடோனின் சுரப்பே ஒரு நாளைக்குச் சுமார் 30 மைக்ரோகிராம்தான். டி.எம்.டி.யில் காட்சிகள் காண ஏறக்குறைய 25 மில்லிகிராம் வேண்டும், அதுவும் சட்டென்று. எண்ணூறு மடங்குக்கு மேல். ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. 2019இல் மிச்சிகனில் எலிகளின் மூளையில் அளந்தபோது, இதயம் நின்ற பிறகு டி.எம்.டி. கூடியது தெரிந்தது, பீனியலை அகற்றிய எலிகளிலும்கூட. எலி அப்போது எதையாவது கண்டதா என்பதை அளக்கத்தான் கருவி கிடையாது.

நண்பர்களிடம் ஒன்றைக் கவனித்தேன். டி.எம்.டி. கதையை நம்புகிறவர்களில் இரண்டு கட்சி. 'பாத்தியா, கடவுளோட பேச உடம்புலயே ஆன்டெனா இருக்கு' என்பது ஒரு கட்சி. 'பாத்தியா, கடவுள்ங்கிறதே ஒரு கெமிக்கல்' என்பது இன்னொரு கட்சி. ஒரே மூலக்கூறு, ஒரே தரவு. எதைக் கொண்டு வந்தார்களோ அதையே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

*

இரண்டாவது கட்சிக்கு 1902லேயே வில்லியம் ஜேம்ஸ் பதில் சொல்லிவிட்டார். பவுலுக்கு வந்தது வலிப்பு, தெரேசாவுக்கு இருந்தது ஹிஸ்டீரியா என்று சொல்லி முடித்துவிடுகிற போக்கை 'மருத்துவப் பொருள்முதல்வாதம்' என்று கிண்டலடித்தார். கடவுளை மறுக்கிறவனின் மூளையிலும் ஏதோ சுரந்துகொண்டுதானே இருக்கிறது? அதைச் சொல்லி அவன் வாதத்தைத் தள்ளிவிட முடியுமா?

நான் என் பிழைப்பிலிருந்து சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு சர்வரிலிருந்து என் போனுக்கு ஒரு அலாரம் வருகிறது. எந்த நிரல், எந்த வரி, எந்த வழியாக அதை அனுப்பியது என்று அடி முதல் நுனி வரை என்னால் காட்ட முடியும். அதையெல்லாம் காட்டிய பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: சர்வர் நிஜமாகவே படுத்துவிட்டதா, இல்லை பொய் அலாரமா? அலாரம் வந்த வழி இரண்டுக்கும் ஒன்றுதான். தென்னை மரத்தைப் பார்க்கும்போதும் மூளையில் வேதிப்பொருட்கள் ஓடுகின்றன, கனவில் பார்க்கும்போதும் ஓடுகின்றன. வேதியியலை மட்டும் வைத்து மரம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது.

இதைக் கேட்டு முதல் கட்சி கைதட்ட வேண்டாம். பொய் அலாரமா என்று பார்க்க எனக்கு வேறு வழி இருக்கிறது, சர்வருக்குள் நுழைந்து பார்ப்பேன். மரத்தைப் போய்த் தொட்டுப் பார்க்கலாம். சத்திரப்பட்டியில் எனக்குத் 'தெரிந்ததை' எங்கே போய்ச் சரிபார்ப்பது? என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதன் உறுதி. 'அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததே, பொய்யாக இருக்குமா?' மூளை வேதியியல் உண்மையிலேயே பறித்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான். நிச்சயம் என்ற உணர்வையும் ஒரு பொருளால் உண்டாக்க முடியும். ஜேம்ஸே நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து, பிரபஞ்ச ரகசியம் பிடிபட்டதாகப் பக்கம் பக்கமாக எழுதி, தெளிந்த பிறகு வாசித்தால் வெறும் பிதற்றல் என்று ஒப்புக்கொண்டவர். குடி மனிதனைப் பிடித்துவைத்திருப்பதே, மெய்ஞ்ஞான அனுபவத்தின் ஒரு சிறு துளியை அது காட்டுவதால்தான் என்றும் அவர் எழுதினார். சித்தப்பாவின் இரண்டு உலகமும், டாஸ்மாக்கும் பழனியும், ஒரே தெருவில் இருக்கலாம் என்பது நூற்றிருபது வருடத்துக்கு முன்பே ஒருவருக்குப் பட்டிருக்கிறது.

இரண்டு கட்சியும் தோற்றால் மிச்சம் என்ன? இங்கே பில் வில்சனின் கதையைச் சொல்ல வேண்டும். 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் மீள முடியாத குடிகாரராகப் படுத்திருந்தார். அங்கே கொடுத்த சிகிச்சையில் பெல்லடோனா உண்டு. நம் ஊமத்தையின் பங்காளி, மாயக் காட்சிகளைக் காட்டக்கூடியது. ஒரு கணத்தில் அறை முழுக்க வெளிச்சம், மலையுச்சியில் நிற்பதுபோல, காற்று போல ஏதோ தன்னை ஊடுருவியதாக உணர்ந்தார். பயந்துபோய், எனக்குப் பைத்தியமா என்று டாக்டர் சில்க்வொர்த்தைக் கேட்டார். வந்தது எதுவோ, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்பது மாதிரி ஒரு பதிலை மருத்துவர் சொன்னார். வில்சன் 1971இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. மறுவருடமே இன்னொருவரோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்.

அந்த வெளிச்சம் பெல்லடோனாவா, கடவுளா? அந்த மருத்துவர் கேள்வியையே மாற்றிவிட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கிருந்து வந்தது என்பதைத் தள்ளிவைத்து, இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று பார்த்தார். ஜேம்ஸின் அளவுகோலும் அதுதான், வேரைத் தோண்டாதே, கனியைப் பார். ஜென் மரபிலும் தியானத்தில் வரும் காட்சிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றுதான் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நம் நம்மாழ்வார் தலைவியாக நின்று பாடும்போது, கிடைத்ததை விடக் கிடைக்காததைத்தான் உருகி உருகிப் பாடுகிறார். வராத நாளும் பக்தியின் கணக்கில்தான் வருகிறது.

அந்த அளவுகோலால் அளந்தால் சித்தப்பாவின் 'அது' தேறாது என்பதுதான் கசப்பு. இருபது வருடம் தவறாமல் வந்தது, ஒரு வருடம்கூட திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. ஆனால் இதை அவரிடம் சொல்ல நான் யார்? ஒரு மனிதனுக்கு வருடத்தில் ஒரே ஒரு இரவு கிடைக்கிற ஒன்றை, உன் ஈரலுக்கு நல்லது, விட்டுவிடு என்று சொல்கிற உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

*

அன்று போனில் நான் சொன்னது இவ்வளவுதான். "எனக்கு நிச்சயமாத் தெரியல சித்தப்பா. அடைக்கலாம், அடைக்காமலும் இருக்கலாம். டாக்டரக் கேக்காம நிறுத்தாதீங்க."

"நடக்கும்போது நான் எங்கப்பா குடிக்கப்போறேன்? அந்த நாலு நாளைக்கு மாத்திரை எதுக்கு?"

நியாயமான கேள்வி. மருத்துவரிடமும் அதையே கேட்டிருக்கிறார். "நடக்கிறதுக்கு வேண்டாம்ணே, திரும்பி வர்ற பஸ்ஸுக்கு வேணும்" என்றாராம் அவர். சித்தி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "சாமி வராட்டிப் போகுது. மனுசன் வீடு வந்து சேரட்டும்."

சித்தப்பா மாத்திரையோடு நடந்தார். மூன்றாம் நாள் மாத்திரையை ஒட்டன்சத்திரத்தில் மோரில் விழுங்கியதாகச் சொன்னார். எனக்கு ரிலீஸ் நேரம், போக முடியவில்லை. பூசத்தன்று மத்தியானம் அடிவாரத்திலிருந்து கூப்பிட்டார். கூட்டத்தின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

"வந்துச்சா சித்தப்பா?"

"வரல."

நான் பேசாமல் இருந்தேன்.

"முன்னெல்லாம் சத்திரப்பட்டிகிட்ட யாரோ தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். இந்தத் தடவ பூரா நானே நடந்தேன். காலு இந்த மாதிரி வலிச்சதே இல்லப்பா." கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வைக்கிறேன். பஸ் நிக்குது."

அந்த பஸ் திண்டுக்கல்லைத் தாண்டியது. இதை எழுதும்போது ஆடி பிறந்துவிட்டது. அவர் இதுவரை குடிக்கவில்லை. நாளை எப்படி என்று யாரும் சொல்ல முடியாது. அவரும் சொல்வதில்லை.

ஒருவர் கதையை வைத்து நால்ட்ரெக்ஸோன் சாமியை அடைக்கும் என்று சொல்ல முடியாது. ஹாம்பர்க்கில் அந்த மாத்திரையோடு ஓடியவர்களுக்குப் பரவசம் வந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தாங்கள் விழுங்கியது எது என்று தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும். பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு நம்பிக்கையே உள்மருந்தைச் சுரக்க வைத்தது என்றால், வராது என்று தெரிந்துகொண்டு நடந்தவருக்கு எது சுரக்கும்? சத்திரப்பட்டியில் அவரை அடைத்தது அந்த மாத்திரையா, அன்னதானப் பந்தலில் கையில் மோரோடு நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லா? எந்த ஸ்கேனிலும் இது தெரியப்போவதில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். புதிதாய் வந்த கோடுபோட்ட துணியில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். கை ஆடவில்லை. மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "வரலேன்னாலும் அடுத்த வருஷம் நடப்பீங்களா சித்தப்பா?"

மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "மாலை போடுறது அவருக்குத்தானப்பா. அது வர்றதுக்கா?" அப்புறம் துணியை ஒரு சாண் இழுத்துவிட்டுக்கொண்டு, "நீயும் வா. உனக்கு வருதான்னு பாப்போம்" என்றார்.